கிள்ளக் கிள்ளப் பெருகும் செடி

கேள்வி: எங்கள் கொல்லையில் திருநீற்றுப்பச்சிலை செழித்து நிற்கிறது. எப்பொழுது பறிப்பது, எப்படிச் சேமிப்பது?

பதில்: கதிர் விடும்வரை காத்திராமல், பனி உலர்ந்த காலை வேளையில், ஓர் இலை ஜோடிக்குச் சற்று மேலாக நுனியைக் கிள்ளிவிட்டால், அந்தக் கணுவின் இருபுறமிருந்தும் இரண்டு கிளைகள் புறப்படுமாதலால், கொடுக்கக் கொடுக்கப் பெருகும் தர்மவானின் செல்வம் போல் அச்செடி புதராக விரியும். பறித்த கொத்தை ரெப்ரிஜிரேட்டரில் வைப்பது மகா பாவம். உஷ்ண தேசத்து இலையாகையால் 10 டிகிரிக்குக் கீழே கறுத்துவிடும். காம்பை ஒரு தம்ளர் ஜலத்தில் நிறுத்தி அடுப்பங்கரை ஜன்னலோரம் வையுங்கள். சில நாட்களில் கணுவில் வெள்ளை வேர் அரும்பினால், தொட்டியில் நட்டுவிடலாம். நெடுநாள் இருக்க வேண்டுமாயின், நிழலில் சருகாக உலர்த்தி, இலையை முழுசாகவே புட்டியில் அடைத்து, சமைக்கும் க்ஷணத்தில் கசக்கிப் போடுங்கள், வாசனை அப்பொழுதுதான் அவிழும். ஒரு செடியை மட்டும் தாராளமாகப் பூக்க விடுங்கள். கோடையில் சர்பத்துக்குச் சப்ஜா விதை வேண்டுமே!