இன்னும் ஒரே ஒரு பார்ட்

காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டு இரண்டாங்கட்டிலிருந்து "போச்சு, போச்சு, ஃபிரேம் டிராப்!" என்று அலறல் வந்தால் பக்கத்து வீட்டார் இப்போதெல்லாம் எட்டிப் பார்ப்பதில்லை. கோலப்பொடி டப்பாவைக்கூடக் கீழே வைப்பதில்லை. நாங்கள் தம்பி என்று கூப்பிடுகிற என் அண்ணன் மகன், கம்ப்யூட்டர் கார்ப் பந்தயத்தில் டல்லடேகா மைதானத்துச் சுவரில் போய்ச் சாத்திவிட்டான், அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் ஊர் ஒக்கூரில் பால் கறக்கும் நேரம், அமெரிக்கக் கிழக்குக் கரையில் ராத்திரி ஏழெட்டு மணி. அங்கே சாப்பிட்டுக் கை கழுவிய ஆட்கள் ஐரேசிங் என்கிற அந்தக் கம்ப்யூட்டர் பந்தயத்தைத் திறந்துகொண்டு உட்காரும் நேரம். நீள்வட்டப் பாதையில் சுற்றுகிற ஓவல் பந்தயம் அவர்கள் ஊர்ச் சரக்கு; கூட்டமும் அவர்கள் கடிகாரத்துக்குத்தான் கூடும். அதனால் நம்ம தம்பி அலாரம் வைத்து எழுந்திருக்கிறான். காலேஜ் பரீட்சை நாளில் கட்டிலோடு தூக்கி வளவில் போட்டாலும் எழாதவன்.

தோற்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. நாற்பது வண்டி ஓடினால் முப்பத்தொன்பது பேர் தோற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் தம்பி தோற்பதே இல்லை. அவனுடைய பார்ட்டுகள்தான் தோற்கின்றன.

முதலில் தோற்றது கிராஃபிக்ஸ் கார்டு. "1060-ஐ வச்சிக்கிட்டு எப்படி சித்தப்பா? முன்னாடி போற வண்டி ஸ்பின் ஆகறது எனக்குத் தெரியறதுக்குள்ள நான் அவன் மேல ஏறிடுறேன்." சரி, 3060 வந்தது. முன்னாடி போன வண்டி சுழன்றது. துல்லியமாக, நிழலோடு, டயர்ப் புகையோடு தெரிந்தது. தம்பி அதன்மேல் ஏறினான்.

அடுத்துத் தோற்றது மானிட்டர். 60 ஹெர்ட்ஸாம். 144 வந்தது. அதன் பிறகு பிராசசர். இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அவன் சொல்வதில் ஒன்றுகூடப் பொய் கிடையாது. "இந்த கேம் கார்டைவிட பிராசசரைத்தான் ரொம்ப நம்பி இருக்கு, அதுலயும் ஒரே ஒரு கோர் மேலதான் பாரம் பூரா" என்றான். விசாரித்தேன், சரிதான். "நாப்பது வண்டியோட கணக்கையும் அது போடணும், கேஷ் பெருசா இருந்தா ஃபிரேம் தடுமாறாது" என்றான். அதுவும் சரி. ரைசன் 7800எக்ஸ்3டி சிப்பில் மூன்றாம் மட்டக் கேஷ் 96 எம்பி. இந்த மாதிரி விளையாட்டுக்கு அதை மெச்சாதவர்கள் இல்லை. தனித்தனியாக எடுத்தால் எல்லாம் சத்தியவாக்கு. கூட்டிப் பார்த்தால் மட்டும்தான் இருபத்தெட்டாவது இடம் வருகிறது.

அந்தச் சிப் பழைய போர்டில் உட்காராது. ஏஎம்5 போர்டு வேண்டும். அந்தப் போர்டில் பழைய டிடிஆர்4 ரேம் ஏறாது, டிடிஆர்5 வேண்டும். புதுச் சிப்புக்கு ஈடு கொடுக்கப் பழைய கார்டு போதாது, 4070. அதற்கு எஸ்எம்பிஎஸ் போதாது. எஸ்எம்பிஎஸ் பெரிதானால் யுபிஎஸ் போதாது. இவ்வளவும் பழைய கேபினட்டுக்குள் அடங்காது. "பழைய போர்டிலேயே மாட்டுற மாதிரி 5800எக்ஸ்3டின்னு ஒண்ணு இருக்காமேப்பா?" என்று ஒரு தடவை கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. "அது போன தலைமுறை சித்தப்பா" என்றான். நானும் போன தலைமுறை என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு லோடு செல் பெடல். பழைய பெடல் பிரேக்கை எவ்வளவு தூரம் மிதிக்கிறோம் என்று அளக்கும். இது எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்று அளக்குமாம். நல்ல சாமான்தான். அது வந்து இறங்கிய வாரம் அவன் ஓட்டிய மைதானம் டல்லடேகா. சுற்று 2.66 மைல், திருப்பத்தில் 33 டிகிரி சாய்வு. பிட்டுக்குள் நுழையும்போது தவிர அங்கே பிரேக்கைத் தொட வேலையே கிடையாது. தொடாத பிரேக்குக்கு அவன் கொடுத்த விலையில் எங்கள் வீட்டு ஓடு மாற்றியிருக்கலாம்.

ஐரேசிங்கில் சேர்கிறவர்களுக்கு முதலில் 1350 என்று ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். நன்றாக முடித்தால் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். 1060 கார்டு இருந்த காலத்தில் தம்பியின் எண் 1300 சொச்சம். 3060 வந்தபோது 1200. 4070 வந்த பிறகு 1120. கார்டின் எண் ஏற ஏற இவன் எண் இறங்குகிறது. 5090 வாங்கிவிடுவானோ என்று எனக்குக் கவலை.

ஓட்டம் தேறுவதற்கு வழி இல்லாமல் இல்லை. அந்த விளையாட்டிலேயே இருக்கிறது. கட்டுப்பாடு இழந்து சுழன்றால் 2 புள்ளி, இன்னொரு வண்டியைப் பலமாக இடித்தால் 4 புள்ளி என்று குற்றக் கணக்கு எழுதுகிறார்கள். யார்மேல் தப்பு என்று பஞ்சாயத்து கிடையாது, இரண்டு பேர் தலையிலும் எழுதிவிடுவார்கள். யாரையும் இடிக்காமல், பின்னாலேயே என்றாலும், சுற்றை முடித்துக்கொண்டு வந்தால் லைசென்ஸ் வகுப்பு தானாக ஏறும். வலது முன் டயரைத் தேய்க்காமல் காப்பாற்றி, திருப்பத்துக்குள் அடக்கமாக நுழைந்து, வெளியே வரும்போது வேகம் எடு என்பதுதான் ஓவல் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சொல்வது. எல்லாருக்கும் ஒரே செட்டப் பூட்டிக் கொடுக்கிற பந்தயங்களும் உண்டு. அதில் வண்டியைக் குறை சொல்லக்கூட வழி இல்லை. தம்பி அதிகம் ஓட்டுவது அதில்தான். ஆகவே வண்டியை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டான்.

அவன் தோற்பதற்கு அவனுடைய அப்பத்தா சொல்வது வேறு காரணம். ஒரு நாள் பின்னால் நின்று நிறைய நேரம் பார்த்தாள். வண்டிகள் இடது பக்கமே திரும்பிச் சுற்றுகின்றன, விடாமல். "ஏண்டா, அப்பிரதட்சணமா சுத்துனா எப்படிடா விளங்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பிள்ளையார்பட்டிக்குப் போய் ஒழுங்காக வலம் வந்து ஒரு தேங்காய் உடைத்தால் சரியாகிவிடும் என்பது அவள் தீர்ப்பு. இதுவரை இந்த வீட்டில் யாரும் சொன்ன யோசனைகளில் செலவு குறைந்தது அதுதான்.

வைஃபை கதை தனி. எங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பூசிய செட்டிநாட்டுச் சுவர். வெயிலையே உள்ளே விடாது, வைஃபை எம்மாத்திரம்? லேன் கேபிள் இழுக்க வேண்டும் என்று பர்மாத் தேக்கு நிலையில் துளை போட டிரில்லை எடுத்தான். அப்பத்தா நிலைக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த மரமாம்; யுத்தத்துக்குத் தப்பியது பேரனிடம் அகப்படுமா? கடைசியில் கேபிள் வளவுக்கு மேலே ஆகாயமார்க்கமாகப் போகிறது. அதில் இப்போது அண்ணி மோர்மிளகாய்ப் பையைத் தொங்கவிடுகிறாள். ஒரு நாள் அவன் சுவரில் இடித்ததற்குக் காரணம் மோர்மிளகாய்.

ஒக்கூர் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குச் சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார் ஞாபகம் வரும். புறநானூற்றில் 279-ஆவது பாட்டு. பிறந்த வீட்டு ஆணையும் கட்டிய கணவனையும் அடுத்தடுத்துப் போரில் பறிகொடுத்தவள், மறுபடி பறை கேட்டதும், இருக்கிற ஒரே மகனைக் கூப்பிட்டு, குடுமியில் எண்ணெய் தடவி, வெள்ளை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். என் அண்ணியும் குறைந்தவள் இல்லை. ஐந்தரைக்குக் காபி ஆற்றிக் கொடுத்து, ஹெட்செட்டைத் துடைத்துக் கொடுத்துத்தான் மகனைக் களத்துக்கு அனுப்புகிறாள். வித்தியாசம் பையனிடத்தில்தான். "இந்த வேல் போன தலைமுறை ஆத்தா, இப்ப வந்திருக்கறதுல எடை கம்மி" என்று அந்தப் பிள்ளை வாசலில் நின்றதாகப் பாட்டில் இல்லை.

வில்லியம் பைரன் பெயரைச் சொல்லித்தான் அவன் எங்களை மடக்குவான். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஐரேசிங் ஓட்டிப் பழகிய பையன். பிறகு நிஜக் கார்ப் பந்தயமான நாஸ்காருக்குப் போய் 2024-லும் 2025-லும் டேட்டோனா 500 ஜெயித்தவர். நிஜந்தான். பதிலுக்கு நான் டிம்மி ஹில்லைச் சொல்வேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் மைதானங்களை மூடியபோது, நாஸ்கார் ஓட்டுநர்களை வீட்டிலிருந்தே ஐரேசிங்கில் ஓடவிட்டுத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பெரிய பெரிய ஆட்கள் லட்சக்கணக்கில் செலவழித்துப் பந்தய மேடை அமைத்து உட்கார்ந்தார்கள். டெக்சஸ் பந்தயத்தை ஜெயித்தது, நிஜக் களத்தின் முதல் வரிசைத் தொடரில் ஒருமுறைகூட ஜெயிக்காத இந்த ஹில். அவர் கையில் இருந்தது பழைய லாஜிடெக் ஸ்டியரிங். இதைச் சொல்லி முடித்ததும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவருக்குப் பிங் நல்லா இருந்திருக்கும் சித்தப்பா. நமக்கு இங்கேருந்து இருநூறு மில்லிசெகண்டுக்கு மேல" என்றான். அதுவும் உண்மை! கடலுக்கடியில் கண்ணாடி இழையில் போகிற ஒளியை அப்கிரேட் பண்ண முடியாது என்பதால், தன்னையே அமெரிக்காவுக்கு அப்கிரேட் பண்ணலாமா என்று யோசிக்கிறான் போலத் தெரிகிறது.

நம்ம பக்கத்து ஆளையும் சொல்லிப் பார்த்தேன். நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்கார் டிரக் தொடருக்குப் போனார். ஃபார்முலா ஒன் ஓட்டியவர், ஆனால் ஓவல் அவருக்குப் புதுசு. அரை மைலுக்குக் கொஞ்சம் கூடுதலான மார்ட்டின்ஸ்வில் மைதானத்தில் முதல் பந்தயம். வண்டி உருப்படியாக வந்து பதின்மூன்றாவதாக முடிந்தது. அந்த வருடம் ரசிகர்கள் வாக்குப் போட்டு அவரையே அந்தத் தொடரின் செல்வாக்கான ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். "பாத்தியா, புது ஆளு, முடிச்சுட்டு வந்தாருல்ல" என்றேன். "அவர் வண்டியில ஃபிரேம் ரேட்டே கிடையாதே சித்தப்பா, நிஜம்ல்ல" என்றான். இதற்கு என்ன பதில் இருக்கிறது, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் இல்லாத திருவிழா குறைவு. பெரிய மாடு, சின்ன மாடு என்று தினுசு தினுசாக ஓடும். அதில் சாரதியாக இருந்த பெரியவர் ஒருவர் தம்பியின் அறையை ஒரு நாள் சுற்றிப் பார்த்தார். கண்ணாடிக் கேபினட்டுக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடுவதைப் பார்த்து, "இது எதுக்குப்பா?" என்றார். "அழகுக்கு தாத்தா." "மாட்டுக் கொம்புக்கு நாங்களும் பெயிண்ட் அடிப்போம். ஆனா அதுக்கப்புறம் வண்டியிலயும் ஏறுவோம்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஒரே ஒரு வாரம் அவன் நன்றாக ஓட்டினான். புது போர்டில் ஏதோ பழுது, மாற்றுவதற்கு அனுப்பியிருந்தான். கை சும்மா இருக்காதே. என் பழைய கம்ப்யூட்டரை இழுத்துவந்து, அவன் கழித்துப்போட்ட 1060-ஐயே திரும்ப மாட்டி, காட்சித் தரத்தையெல்லாம் அடிமட்டத்துக்கு இறக்கி, கண்ணாடியில் பின்வண்டி தெரிவதைக்கூட அணைத்துவிட்டு உட்கார்ந்தான். இந்த மெஷினில் ஜெயிக்கப் போவதில்லை என்று அவனே முடிவு கட்டியதால், கடைசியில் ஒதுங்கி, அவசரப்படாமல் போய்க்கொண்டிருந்தான். டல்லடேகாவில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு ஓடும் வண்டிகளில் ஒன்று சறுக்கினால் இருபது மோதும். மோதின. தம்பி பின்னால் இருந்ததால் ஓரமாகப் புகுந்து வந்தான். ஆறாவது இடம்! வளவுக்கு ஓடிவந்து அப்பத்தாவைத் தூக்கிச் சுற்றினான்; வலமாகத்தான் சுற்றினான். அந்த முகத்தைப் பார்த்தபோது, இவன் எத்தனை பார்ட் வேண்டுமானாலும் வாங்கட்டும் என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றியது. சின்னப் பிள்ளையில் கோலிக்குண்டு ஜெயித்து வந்தபோதும் அதே முகம்.

மத்தியானம் சாப்பிடும்போது முடிவைச் சொன்னான். "பழைய டப்பாவுலயே ஆறாவது வந்தேன்னா, புது போர்டு வந்தா எங்கே வருவேன், யோசிச்சுப் பாருங்க."

புது போர்டு வந்தது. முப்பத்தொன்றாவது.

சிரித்தது போதும். வீட்டு மீட்டர் என் பெயரில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை நம்பி வாழ்ந்த குடும்பம் இது. 500-ஐத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் இல்லை, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். போன தடவை தாண்டிவிட்டது. கம்ப்யூட்டர் சூடாகிறது என்று, நூறு வருடமாக விசிறி இல்லாமல் குளுகுளுவென்று இருந்த இரண்டாங்கட்டில் ஏசி வைத்திருக்கிறான். கரண்ட் போனால் யுபிஎஸ் கத்துகிறது. விடியற்காலையில் அதன் கத்தலும் இவன் கத்தலும் சேர்ந்து கேட்கின்றன. பங்கு கேட்டால் அடுத்த மாதம் என்கிறான். அடுத்த மாதம் நாற்காலி வருகிறது. முதுகு அசைவதால்தான் ஸ்டியரிங் பிசகுகிறதாம்.

காரைக்குடி, சிவகங்கைப் பக்கம் யாருக்காவது 3060 கார்டு வேண்டுமானால் எங்கள் வீட்டில் ஒன்று அட்டைப்பெட்டியோடு இருக்கிறது. நல்ல கார்டு, அதன்மேல் ஒரு குற்றமும் கிடையாது. வருகிறவர்கள் விலையை அவனிடம் பேசுங்கள், பணத்தை என்னிடம் கொடுங்கள்.