ஆற்றோரக் கூடாரம் எத்திணை?

அமெரிக்காவில் மாநிலப் பூங்கா என்றொரு நிலம் உண்டு. ஆற்றங்கரையில் ஒரு துண்டு இடத்தை வாடகைக்கு எடுத்து, வீட்டில் நன்றாக வேலை செய்யும் கட்டில், அடுப்பு, விளக்கு ஆகியவற்றின் மட்டமான வடிவங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், துணிக்குள் படுத்துவிட்டு வருவார்கள். இந்நிலத்தை எத்திணையில் அடக்குவது என்ற வினா தமிழாய்வில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. தொல்காப்பியரை இதற்குக் குறை சொல்வதற்கில்லை. அவர் காலத்தில் முன்பதிவு கிடையாது.

ஆய்வுக்களம் டெக்சாஸ் மாநிலத்தின் கார்னர் பூங்கா. சான் அன்டோனியோவுக்கு மேற்கே, கான்கன் என்ற சிற்றூரை ஒட்டி, சுண்ணாம்புப் பாறைமேல் கண்ணாடிபோல ஓடும் ஃபிரியோ ஆற்றங்கரையில் இருக்கிறது. 1941இல் திறந்தார்கள். கோடையில் டெக்சாஸ் தமிழ்க் குடும்பங்களும் புளிசாதத்தோடு அங்கே போவதுண்டு. ஆகவே திணை பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது.

குறிஞ்சி என்பார் ஒரு சாரார். பூங்காவுக்குள் 'ஓல்டு பால்டி' என்ற குன்று நிற்பதும், அதன்மேல் ஏறியவர்கள் மூச்சிரைக்கப் படம் எடுத்துக்கொள்வதும் அவர்கள் காட்டும் சான்று. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல், சிறுபொழுது யாமம். இங்கோ இரவு பத்து மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டும் என்பது பூங்கா விதி. துணிச்சுவருக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் அடுத்த குடும்பம் இருமுகிறது. இடையில் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். எனவே அக்கூற்றுப் பொருந்தாது.

முல்லை என்பாருக்குக் காடு கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் இந்தக் காட்டில் கீழே கிடக்கும் சுள்ளியைக்கூடப் பொறுக்கக் கூடாது. விறகைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அற்றேல், ஆற்றுக்குள்ளேயே மடக்கு நாற்காலி போட்டுக் கணுக்கால் நனைய அமர்ந்திருக்கிறார்களே, அது முல்லைக்குரிய இருத்தல் ஆகாதோ எனின், ஆகாது. முல்லையில் தலைவன் வினைமேற் சென்றிருப்பான், தலைவி ஆற்றியிருப்பாள். இங்கே வினை கரையில் கிடக்கிறது, ஆற்றில் இருப்பவன் தலைவன்.

பாலைக்காரர்களை இவ்வளவு எளிதில் தள்ள முடியாது. கோடை நண்பகலில் வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். அண்மைக்கால வறட்சியில் ஃபிரியோவின் ஓட்டம் நின்று வெறும் பாறை தெரிந்ததும் உண்டு. முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை என்று இளங்கோவடிகள் சொல்லிவைத்திருக்கிறார். ஆறு திரிந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. மழை பெய்தால் இந்தக் கட்சி தானே கலைந்துவிடும் என்பதால் மேலே செல்கிறேன். நெய்தலுக்குக் கடல் வேண்டும். அதன் உரிப்பொருளாகிய இரங்கல் மட்டும், ஜூலை மாதத்துக்கு இடம் கிடைக்காமல் கணினிமுன் அமர்ந்திருப்பவரிடம் காணப்படும்.

எஞ்சியது மருதம். கருப்பொருளிலிருந்து தொடங்குவோம். மருத நிலத்துக்குத் தெய்வம் வேந்தன். இப்பூங்காவின் பெயருக்கு உரியவரோ, பக்கத்து யுவால்டி ஊர்க்காரர் ஜான் நான்ஸ் கார்னர். ரூஸ்வெல்ட்டின் கீழ் 1933 முதல் 1941 வரை துணைக் குடியரசுத் தலைவர். அதாவது துணைவேந்தன், தெய்வத்தில் முக்கால் பங்கு தேறிவிட்டது. மரம், நீருக்குள் வேர் விட்டு இரு கரையும் நிழல் பரப்பி, இலையுதிர்காலத்தில் மொட்டையாகும் சைப்ரஸ். வையைக் கரை மருதத்துக்கு இது பங்காளி முறை. விலங்கு, கண்ணைச் சுற்றிக் கருப்புப் பட்டை கட்டிய ரக்கூன். ஐஸ்பெட்டி மூடியைத் திறக்கும் வித்தையில் அதற்கு ஆசான் தேவையில்லை. பறை, ஜூக்பாக்ஸ்.

பறையைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையற்றுத் திரிந்த இளைஞர்களை அரசு ஒரு படையாகத் திரட்டி மரம் நடவும் பூங்கா கட்டவும் அனுப்பியது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். அந்தப் பையன்கள் உள்ளூர்க் கல்லை உடைத்துக் கட்டிய மண்டபத்தின் முற்றத்தில்தான் 1940களிலிருந்து கோடை இரவுகளில் ஜூக்பாக்ஸ் பாட, தாத்தா பாட்டியும் பேரனும் ஆடுகிறார்கள். அந்நாட்டில் இத்தனை காலம் ஒரே இடத்தில் நடக்கும் சடங்கு அரிது என்பேன்.

ஆயினும் திணையை முடிவு செய்வது உரிப்பொருளே. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். கூடாரம் அடிப்பதைக் கரையோரம் நின்று ஒரு மாலை கவனித்தால் போதும், வேறு சான்று வேண்டாம். கூடாரத்தின் கம்பிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகுபவை. தலைவன் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் மரபில் வந்தவனாதலால், அங்கே கிடப்பதை இங்கே கொண்டுவந்து மாட்டுகிறான்.

"படத்தப் பாத்துத்தான் மாட்டுறீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன். நீ டார்ச்ச நேராப் பிடி."

"அப்ப இந்தக் கம்பி ஏன் மிச்சம் கிடக்கு?"

துறை: கம்பி மிகுந்தமை கண்டு தலைவி வினாயது.

விடை கூற இயலாத தலைவன், ரப்பர் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு புதுப்புனலாடப் புறப்படுகிறான். மிதந்து களித்துக் கண் சிவந்து திரும்புகையில் தலைவி ஜிப்பை உள்ளிருந்து இழுத்து மூடியிருக்கிறாள். இதுவே வாயில் மறுத்தல். அப்போது பக்கத்து இடத்து டெக்சாஸ் பெரியவர், கேட்காமலே, முளையடிக்கும் சுத்தியலோடு வருகிறார். பாணனுக்குரிய தூதுப்பணியை இவர் சம்பளமின்றிச் செய்கிறார். அவர் கம்பியைச் சரியான துளையில் செருகுகிறார். ஊடல் தணிவதுபோலத் தோன்றுகிறது.

தோன்றுகிறது என்றுதான் எழுத முடியும், ஏனெனில் மருதத்தின் சிறுபொழுது வைகறை. காற்று மெத்தை நள்ளிரவிலிருந்து மெல்ல இறங்கி, சரியாக வைகறையில் இருவர் முதுகையும் சுண்ணாம்புப் பாறையில் கொண்டுபோய் வைக்கிறது. மெத்தையை ஊதியவர் யார், மூடியை இறுக்கியவர் யார் என்ற விசாரணை அவ்விருளிலேயே தொடங்குகிறது. நிலம், பொழுது, தெய்வம், மரம், ஊடல் ஐந்தும் இவ்வளவு கச்சிதமாக ஒரே இடத்தில் கூடியதைச் சங்கப் பாடலிலும் காண்பது கடினம்.

ஆகவே கார்னர் பூங்கா மருதமே. மறுப்புரை எழுத விரும்பும் அறிஞர்கள் களத்துக்கு நேரில் வந்து பார்க்கலாம். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் கூடார இடத்தை ஐந்து மாதம் முன்பே பதிவு செய்யலாம், கோடைக்கு அப்படிச் செய்வதே நல்லது. சுத்தியலை மறக்க வேண்டாம். எல்லாப் பக்கத்து இடத்திலும் பெரியவர் இருக்கமாட்டார்.