பீரோ மேல் வீணை

எங்கள் வீட்டு வீணை 22 வருடம் பீரோ மேல் இருந்தது. பழைய ஜமுக்காளம் சுற்றி, பக்கத்தில் கொலுபொம்மைப் பெட்டி, துணைக்கு ஒரு உடைந்த ஃபேன் இறக்கை. கல்யாணத்துக்கு முன்பு எட்டு வருடம் கற்று, கீர்த்தனை வரைக்கும் வந்தவள் நான். பெண் பார்க்க வந்த அன்று மோகன வர்ணம் வாசித்தேன். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார் மாப்பிள்ளை. அவர் கேசரியைச் சொன்னார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

வருடத்தில் ஒரு நாள் வீணை கீழே இறங்கும்: சரஸ்வதி பூஜை. சந்தனம், குங்குமம், பூச்சரம் எல்லாம் உண்டு. வாசிக்க மட்டும் கூடாது. பூஜையில் வைத்த புத்தகத்தையும் வாத்தியத்தையும் அன்றைக்குத் தொடக்கூடாது என்பது வழக்கம். மறுநாள் விஜயதசமியன்று கட்டாயம் எடுத்து வாசிக்க வேண்டும் என்பதும் வழக்கம்தான். ஆனால் மறுநாள் காலையில் நாத்தனார் குடும்பத்தோடு வந்துவிடுவார். வடைக்கு அரைக்க வேண்டும். கொலுப்படியைப் பிரிக்கிறபோது வீணையும் பீரோ மேல் ஏறிவிடும். வழக்கத்தில் பாதியை நான் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை.

2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் படித்து, வீட்டில் எல்லோரிடமும் காட்டி, பீரோவை நிமிர்ந்து பார்த்துப் பெருமைப்பட்டேன். இறக்கத் தோன்றவில்லை. வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஜார்ஜ் டவுன் வீட்டில் வாசிப்பார். பெரிய வித்வான்களே வந்து காத்திருந்து கேட்பார்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்காகக் காத்திருந்தவை ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும்தான்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன ஆடி மாதம் ஒருவழியாக இறக்கினேன். 24 மெட்டுகளில் பாதி சரிந்து கிடந்தன. மெட்டைத் தாங்குவது தேன்மெழுகும் கரியும் சேர்ந்த கலவை. 22 சென்னைக் கோடைகளை அது எப்படித் தாங்கும்? மெட்டுகளைத் திரும்பப் பதித்து மேளம் கட்ட வந்த பெரியவர் வீணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கடைசியா எப்பம்மா வாசிச்சீங்க?" பல் டாக்டர் கேட்கிற தொனி. பல் டாக்டரிடம் சொல்லும் பொய்யையே சொன்னேன்: "ஒரு ரெண்டு வருஷம் இருக்கும்."

அவர் சுரைக்குடுக்கையைக் கழற்றினார். உள்ளே ஏதோ சரசரத்தது. "கரப்பானா இருக்கும்" என்று பின்வாங்கினேன். வந்தது, நாலாக மடித்த ஒரு தாள். மகளின் மூன்றாம் வகுப்புக் காலாண்டுக் கணக்குப் பரீட்சை. 50க்கு 11. பெற்றோர் கையொப்பம் இட வேண்டிய இடம் காலி.

உடனே போன் போட்டேன். அவள் கூச்சமே படவில்லை. "பூஜைக்கு இறக்கி வச்சிருந்தப்போ உள்ளே போட்டேம்மா. பையில வச்சா அப்பா பாத்துடுவார், அலமாரியில வச்சா நீ பாத்துடுவே. வீணையை மட்டும் யாரும் தொட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்." கணக்கில் 11 வாங்கிய எட்டு வயதுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு மட்டும் எப்படித்தான் சரியாக வந்ததோ! பெரியவர் எதிரிலேயே அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

சரளி வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். கையில் காய்ப்பு இல்லாமல் இல்லை. கத்தி பிடித்துப் பிடித்து வலது கையில் வேண்டிய அளவு இருக்கிறது. வீணை கேட்பதோ இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும். மீட்டுவதற்கு வலது கையில் நகம் வளர்த்தால் சப்பாத்தி மாவு அதில் குடியேறுகிறது. வெட்டினால் தந்தி பேச மாட்டேன் என்கிறது. அதனால் மாவு பிசைகிற பொறுப்பு வீட்டுக்காரரிடம் போயிற்று. குடுக்கையை இடது தொடையில் ஏற்றிச் சம்மணமிட ஒரு நிமிஷம் போதும். எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பும் அவருக்கே. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இந்தப் பாட்டுக்கு அடுத்த வரியே கிடையாதா?"

இந்த வருடமும் சரஸ்வதி பூஜை வந்தது. சந்தனம், குங்குமம், பூச்சரம். தொடக்கூடாது. இத்தனை வருடம் தடை என்றே தெரியாத அந்தத் தடை, அன்று சாயங்காலம் முழுக்க என்னைச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கவிட்டது. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கே உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் வந்து சேர்ந்தபோது நான் ஜண்டை வரிசையில் இருந்தேன்.

வடை ஓட்டலில் வாங்கியது. நன்றாகவே இருந்தது.