எவ்வளவு குடுக்குது?

முதுகுளத்தூரில் யாரும் ரகசியமாகக் கார் வாங்கிவிட முடியாது. பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், யார் வாங்கப்போகிறார், யார் விற்கப்போகிறார், யாருக்கு இந்த மாதத் தவணை நிற்கிறது என்பதெல்லாம் காதில் விழுந்துவிடும். இதில் வாங்குகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பரமக்குடிக்கோ மதுரைக்கோ போவார்கள், முன்பணம் கட்டுவார்கள், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நான் சொல்ல வந்தது வாங்கப்போகிறவரைப் பற்றி. அவர் 2019-லும் வாங்கப்போனார். இன்றைக்கும் வாங்கப்போகிறார்.

ஊருக்கு நாலு பேராவது இப்படி உண்டு. ஒருவர் ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கும் வாத்தியார். ஒருவர் குண்டு மிளகாய்க்குக் கமிஷன் கடை வைத்திருப்பவர். ஒருவர் சவுதியில் இருபது வருஷம் வேறொருவர் காரை ஓட்டிவிட்டு வந்தவர். இன்னொருவர் கரிமூட்டம் போட்டு, சீமைக்கருவேலத்தைக் காசாக்கியவர். தொழில்தான் வேறு, பேச்சு ஒன்றே. கார் என்று எடுத்தால் இரண்டே நிபந்தனை: "வண்டி உசரமா இருக்கணும். நல்லாக் குடுக்கணும்."

குடுக்கணும் என்றால் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடவேண்டும். இந்த ஆசாமிக்குக் காரின் நிறமோ பிரேக்கோ முக்கியமில்லை. மோதினால் உயிர் தங்குமா என்பதுகூட ஐந்தாவது கேள்விதான். கல்யாண மண்டப வாசலில் புது வண்டி ஒன்று நின்றால் பந்திக்குப் போவதற்கு முன் அதனிடம் போவார். சுற்றி வருவார். கதவை விரல் முட்டியால் தட்டி, "தகரம்" என்பார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முன் பம்பருக்கும் தரைக்கும் நடுவில் கையை விரித்துச் சாண் போடுவார். கட்டை விரல் தரையிலும் சுண்டு விரல் தகரத்திலும் பட்டால் முகம் சுளிக்கும். "இது நம்ம ரோட்டுக்குத் தட்டும் மாப்ள."

அதற்குள் வண்டிக்காரர் பதறிக்கொண்டு வந்திருப்பார். ஆயில் ஒழுகுகிறதோ என்று அவருக்குப் பயம். நம்மவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு கேட்பார்: "எவ்வளவு குடுக்குது?"

"இருபத்திரெண்டு."

முதுகுளத்தூர் தாலுகாவில் எந்தக் காரும் இருபத்திரண்டுக்குக் குறைந்து கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. சம்பளத்தைக் குறைத்துச் சொல்கிறவர்கூட மைலேஜைக் கூட்டித்தான் சொல்வார். பத்து லட்சத்தைக் கொட்டி வாங்கிவிட்டு பதினாலுதான் கொடுக்கிறது என்று எப்படி வெளியே சொல்வது? நம்மவருக்கும் அது பொய் என்று தெரியும். தெரிந்தும் சட்டைப்பையில் இருக்கும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

அந்தக் குறிப்பேட்டில் கம்பெனிக் கணக்கும் இருக்கிறது. 'ஏஆர்ஏஐ சர்டிஃபைடு' என்று விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுகிறார்களே, அது. புனேயில் 1966-இல் தொடங்கிய ஆய்வு நிறுவனம் அது. அங்கே காரை உருளைகளின் மேல் நிறுத்தி, ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே ஓடவிட்டு அளக்கிறார்கள். காலங்காலமாக ஏசி போடாமல்தான் அளந்தார்கள். வேகமும் 90-ஐத் தாண்டாது. எதிர்க்காற்று, ஆட்டு மந்தை, பின்சீட்டில் மாமியார், கூரையில் சீர்வரிசை அண்டா எதுவும் கிடையாது. அங்கே 24 கொடுத்த வண்டி சித்திரை வெயிலில் ஏசியை மூன்றில் வைத்து, ஆறு பேரோடு சாயல்குடி போகும்போது 24 கொடுக்காது. கொடுத்தால்தான் புனேக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

"எல்லாம் பெட்ரோல்ல கலக்குறாங்கெ" என்பது அவர் கட்சி. அதில் பாதி நியாயம் இருக்கிறது. இப்போது பங்கில் ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு, ஆகவே மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் எல்லாப் பழியையும் கரும்பின் தலையில் போடக்கூடாது. டயரில் காற்று எப்போது பிடித்தோம் என்று கேட்டால் நம் ஆட்கள் போன பொங்கலை நினைவுபடுத்திப் பார்ப்பார்கள்.

உயரத்துக்கு வருவோம். இங்கேதான் அவரை முழுக்கக் கேலி செய்ய முடியவில்லை. எங்கள் பக்கம் கரிசல். மழையில் ஊதி, வெயிலில் சுருங்கி வெடிக்கும் மண். அதன் மேல் போட்ட தார் எத்தனை நாள் மட்டமாக இருக்கும்? ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால் ரோட்டின் மேலேயே தண்ணீர் போகும். வேகத்தடை இருக்கிறதே, இந்தியச் சாலைப் பேராயத்தின் விதிப்படி 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கவேண்டும். கிராமத்தில் ஒரு விபத்து நடந்த ராத்திரியே ஜல்லியும் சிமெண்டும் கொட்டிப் போடுகிறவர்கள் பேராயத்தைக் கேட்டுக்கொண்டா போடுகிறார்கள்? உயரத்தை இருமடங்காக்கி, அகலத்தைக் கால்வாசியாக்கி, அணைக்கட்டாகவே கட்டிவிடுகிறார்கள். அதில் தாழ்வான கார் ஏறி இறங்கும்போது வயிற்றில் கேட்கும் 'கிர்ர்' சத்தம் இருக்கிறதே, அது உள்ளே இருக்கும் ஐந்து பேருக்கும் சேர்த்துக் கேட்கும்.

ஆனால் அவர் சொல்லும் காரணங்கள் இத்தோடு நிற்பதில்லை. "தனுஷ்கோடிக்குப் போகணும்னா உசரமான வண்டிதான் அப்பு வேணும்" என்பார். ஒரு காலத்தில் உண்மை. மணலில் வேனும் ஜீப்பும் மட்டுமே போய்வந்தன. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தாயிற்று. இப்போது பழைய மாருதி 800-கூடக் கடைசி வரை போய் வட்டமடித்துத் திரும்புகிறது. "வளைவுல ஆடுமாடு வந்தா மேல இருந்து தெரியணும்ல" என்பார். வளைவை மறைத்து நிற்கும் கருவேலம் பத்தடி. உயரமான வண்டியின் சீட்டு கூடக் கொடுப்பது அரையடி. அந்த அரையடியை வைத்துக்கொண்டு கருவேலத்துக்கு மேலே எப்படிப் பார்ப்பார் என்று கேட்டால் கோபம் வரும். வண்டி உயர உயர, பானட்டுக்கு நேர் முன்னால் நிற்கும் மூன்று வயதுப் பிள்ளை கண்ணில் படாது என்பதையும் யாரும் அவரிடம் சொல்வதில்லை.

எல்லாக் காரணமும் அடிபட்ட பிறகு கடைசியாக எடுப்பார் பிரம்மாஸ்திரத்தை. "ஆத்தாவுக்கு மூட்டுவலிப்பா. தாழ்வான வண்டியில உக்காந்தா எந்திரிக்க முடியலை." அதற்கு மேல் யார் பேசுவது?

ஆத்தாவின் முழங்கால் பெயரில் நடக்கும் இந்த விசாரணையில் ஆத்தாவை மட்டும் யாரும் விசாரித்ததில்லை. உண்மைக் காரணம் ஒருநாள் டீக்கடையில் தானாக வெளியே வந்தது. "முன்னால போற வண்டியோட கூரை நமக்குத் தெரியணும் மாப்ள. அப்பத்தான் வண்டி." அவ்வளவுதான் விஷயம். எங்கள் ஊரில் கொடி கட்டின வண்டி எல்லாமே உயரமாகத்தான் வந்திருக்கிறது. டாடா சுமோ போய் பொலிரோ வந்தது, ஸ்கார்பியோ வந்தது. கண்ணாடியை இறக்கி வெள்ளைச் சட்டை கை ஒன்று கீழே நிற்பவனைப் பார்த்து அசையும். அந்தக் கை இருக்கும் உயரத்தில் தன் கையும் ஒருநாள் இருக்கவேண்டும் என்று இவர் நினைத்தால் தப்பில்லை. அதைப் போய் லிட்டருக்கு 25 கொடுக்கவேண்டும் என்கிறாரே, அங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது. முகம் பெரிசானால் காற்று கூடத் தள்ளும். எடை கூடினால் எண்ணெய் கூடக் குடிக்கும். கொடி கட்டினவர் மைலேஜ் கேட்பதில்லை. அவர் வண்டிக்கு எண்ணெய் போடுகிறவர் வேறு.

உயரமான சீட்டும் சிக்கனமும் சேர்ந்த வண்டி இல்லாமலா போயிற்று? இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக எங்கள் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் சின்னக் கார்களுக்கு வரிச்சலுகை உண்டு. நீளமும் அகலமும் இதற்குமேல் கூடாது என்று கட்டுப்பாடு. உயரத்தில் மட்டும் தாராளம். சுசூகிக்காரர்கள் 1993-இல் அந்தச் சந்து வழியாக வேகன் ஆரை மேல்நோக்கிக் கட்டினார்கள். நாற்காலியில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்காரலாம், காலை நீட்ட வேண்டியதில்லை, ஆகவே குட்டி வண்டியிலும் இடம் கிடைத்தது. இந்தியாவுக்கு அது 1999 கடைசியில் வந்தது. அதற்கு முந்தின வருஷமே நம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்காரர்கள் அதே நெட்டைச் சாதுரியத்தோடு சான்ட்ரோவை இறக்கிவிட்டார்கள். பார்க்க நன்றாயில்லை என்று முதலில் சிரித்தார்கள். அப்புறம் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

இதைச் சொன்னால் நம்மவர் உதட்டைப் பிதுக்குவார். "டப்பா."

2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்னக் கார்களுக்கு நம் அரசாங்கமும் வரியைக் குறைத்தது. அதிலிருந்து கம்பெனிக்காரர்கள் அந்த அளவுக்குள்ளேயே அதே குட்டி வண்டிக்குக் கறுப்பு பிளாஸ்டிக் ஓரம் கட்டி, மூக்கைத் தூக்கி, தோளை விரித்து, எஸ்யூவி என்று பெயர் வைக்கக் கற்றுக்கொண்டார்கள். 2024-இல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச். வேகன் ஆர் இரண்டாவது. நம்மவர் குறிப்பேட்டில் பஞ்சுக்கு மூன்று நட்சத்திரம், வேகன் ஆருக்கு ஒரு கோடு. ஆனால் தரையிலிருந்து கூரை வரை அளந்தால் பஞ்ச் 1,615 மில்லிமீட்டர், வேகன் ஆர் 1,675. அவர் டப்பா என்றதுதான் உயரம்! அடியில் இருக்கும் இடைவெளியில் பஞ்சுக்கு ஒன்றிரண்டு விரல்கடை கூடுதல். கம்பெனி சொல்லும் மைலேஜில் பஞ்ச் 20-ஐ ஒட்டி, வேகன் ஆர் 25-ஐ ஒட்டி. கண்மாய்க் கரையில் அந்த விரல்கடைக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. அதைச் சொல்லி வாங்கினால் சரி. கூரை உயரம் என்று சொல்லி வாங்கினால்தான் கணக்கு இடிக்கிறது.

அவர் ஏன் இன்னும் வாங்கவில்லை என்று கேட்கிறீர்களா? அவரிடம் காரணம் எப்போதும் தயார். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வருகிறது, வரட்டும் என்றார். வந்தது. மாருதிக்காரர்கள் டீசலையே நிறுத்திவிட்டார்கள், ஆகவே ஒரு வருஷம் துக்கம். அடுத்த வருஷம் சிப்புக்குத் தட்டுப்பாடு, டெலிவரிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. சிஎன்ஜி யோசித்தார். எங்கள் மாவட்டத்து மண்ணுக்கடியிலேயே எரிவாயு கிடக்கிறது, வழுதூரில் அதை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்று பெருமையாகப் பேசினார். டிக்கியில் பாதியை சிலிண்டர் அடைத்துக்கொள்ளும் என்றதும் பெருமை அடங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. ஊரே அவர் முகத்தைப் பார்த்தது. "எறங்க ஆரம்பிச்சிருச்சுல்ல, இன்னும் எறங்கும்" என்றார்.

அவர் வீட்டுக்குக் கார் வந்தால் எவ்வளவு ஓடும்? ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம். வருஷத்துக்கு ஒருமுறை குலசாமி. மதுரைக்கு ஆஸ்பத்திரி. வைகாசி, ஆவணியில் கல்யாணங்கள். தாராளமாகப் போட்டாலும் 3,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 20 கொடுக்கும் வண்டிக்கு 150 லிட்டர், 25 கொடுப்பதற்கு 120. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு வித்தியாசம் 3,000 ரூபாய். இதற்காக ஆறு வருஷம் குத்துக்காலிட்டு, மூட்டு அவருக்கும் தேய ஆரம்பித்துவிட்டது. பேஸ் மாடலுக்கும் டாப் மாடலுக்கும் விலையில் லட்சக்கணக்கில் இருக்கும் தூரத்தை மட்டும் அவர் ஒருநாளும் மைலேஜால் வகுத்துப் பார்க்கமாட்டார். கூரையில் திறக்கிற கண்ணாடி வேண்டுமாம். ராமநாதபுரம் வெயிலுக்கு!

இந்த வர்க்கத்தில் ஒருவர் கடைசியில் வாங்கியே விட்டார். மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினான், மைலேஜ் பேச்சு அத்தோடு நின்றது. பெரிய வண்டி, ஏறுவதற்குப் பக்கவாட்டில் படி, முன்னால் போகிறவன் கூரை மட்டுமில்லை, கூரைமேல் காயும் கேரியர்கூடத் தெரியும். முதல் நாள் மாலை போட்டு வீட்டு வாசலில் நிறுத்தி, "ஆத்தா, ஏறு" என்றார். கிழவி ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். படி எட்டவில்லை. இன்னொரு காலைத் தூக்கிப் பார்த்தாள். "ஏப்பா, இதுக்கு அந்தத் தாழ்ந்த வண்டியே பரவாயில்லை. அதுல விழுந்தாவது உக்காந்திருவேன்" என்றாள்.

இப்போது அந்த வண்டியின் டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் நிரந்தரமாகப் பயணம் செய்கிறது. குலசாமி கோயில் வாசலில் முதலில் ஸ்டூல் இறங்கும், பிறகு ஆத்தா இறங்குவாள். ஸ்டூலை மறந்துவிட்டு வந்த ஒருநாள் அவள் வண்டியிலிருந்தபடியே சாமி கும்பிட்டாள்.

முழங்காலுக்கு வேண்டியது உயரமான வண்டி இல்லை. சீட்டு இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கவேண்டும், கதவு அகலமாகத் திறக்கவேண்டும், குனியாமல் பின்பக்கத்தை வைத்துவிட்டுக் காலை உள்ளே திருப்பிக்கொள்ள வழி வேண்டும். விளம்பரத்தில் போடும் தரை இடைவெளிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதற்கேற்ற வண்டிகள் இருக்கத்தான் செய்கின்றன, டப்பா என்று தள்ளிவைத்தவற்றில்தான் அதிகம்.

ஆகவே கார் பார்க்க மதுரைக்குக் கிளம்புகிறீர்கள் என்றால் மச்சினனையும் மெக்கானிக்கையும் விட்டுவிட்டு, வீட்டுக் கிழவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். எவ்வளவு கொடுக்கிறது என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.