தீவிலா அடுக்களை இலக்கணம்

பாயிரம்

அடுக்களை இருவகைத்து: நடுவில் தீவு உடையது, நடுவில் ஆள் நடப்பது. முன்னதைப் பற்றி வழவழ காகிதத்தில் வேண்டிய அளவு எழுதியாயிற்று. இந்நூல் பின்னதைப் பற்றியது. அதிலும், தலைக்கு மேல் உத்திரமும் கட்டைகளும் மூடாக்கு இல்லாமல் தெரியும் அடுக்களையே இதன் எல்லை. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு ஒன்று பாகப்பிரிவினையில் கைக்கு வர, அதை இடிக்கவும் மனமில்லாமல், உள்ளே மாடுலர் கிச்சன் போடும் ஆசையையும் விடாமல் திண்டாடுவோர் இந்நூலைக் கேட்டற்கு உரியர். பயன் யாதெனின், இன்டீரியர்காரர் லேப்டாப்பைத் திருப்பி முப்பரிமாணப் படம் காட்டும்போது மயங்காமல் ஒரு கேள்வியாவது கேட்டல்.

தீவாவது, சுவரோடு ஒட்டுறவின்றி, நாற்புறமும் நடக்க வழிவிட்டு, அறை நடுவே தரையில் ஊன்றி நிற்கும் மேடை. ஒரு பக்கம் சுவரைத் தொட்டால் அது தீபகற்பம். சக்கரம் இருந்தால் தோணி. நான்கு காலில் நின்று, அடியில் பூனை புகுந்து போக இடம் தந்தால் அது மேசையே. மேலே கிரானைட் பதித்து எவ்வளவு பில் போட்டாலும் தீவாகாது என்க.

உத்திரவியல்

உத்திரம் மூவகை: நாணுத்திரம், பொய்யுத்திரம், மெய்யுத்திரம்.

நாணுத்திரம் என்பது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே இறங்கி நிற்கும் பீம். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்களே என்று கூசுவது அதன் இயல்பு. அந்தக் கூச்சம் தீர, அறை முழுவதற்கும் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிடுவர். பொய்யுத்திரம் அமெரிக்காவில் மிகுதி. பாலியூரித்தேன் நுரையை மரம்போல வார்த்து, உள்ளே குடைவாக, மூன்று முகம் மட்டும் செய்து விற்கிறார்கள். ஏணி போட்டு, பசை தடவி, வீட்டுக்காரரே ஒட்டிக்கொள்ளலாம். அது எதையும் தாங்குவதில்லை. ஆகவே எதையும் கேட்பதுமில்லை. அதன்கீழ் தீவு வைத்தாலும் கப்பல் விட்டாலும் அதற்குக் கவலை கிடையாது. இவ்விரண்டையும் இத்தோடு விடுவோம்.

மெய்யுத்திரம் சுமை தாங்குவது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம். அதன்மேல் ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கட்டைகள். கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்காலாக நிறுத்தி, மூலைவாட்டில் சாய்த்து, சுண்ணாம்புச் சாந்தில் பூட்டிய தளம். அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. இத்தனை எடையும் மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழே நாம் ரசம் வைக்கிறோம்.

இதிலிருந்து இந்நூலின் தலையாய விதி பிறக்கிறது: மரத்தின் நீளமே அறையின் அகலம். நீளம் கூடக்கூடக் கட்டை தொய்யும். தொய்யாத பருமனில் வேண்டுமென்றால் விலை ஏறும். ஆகவே கூடத்துக்கு ஒருவேளை நல்ல மரம் போடுவார்கள். அடுக்களைக்கு யார் போடுவார்? பெரும்பாலான பழைய வீடுகளில் சமையற்கட்டின் அகலம் எட்டடி, பத்தடி, மிஞ்சினால் பன்னிரண்டு. தென்பக்கத்துச் சிறிய வீடுகளில் பனங்கட்டை போட்ட அறை இன்னும் குறுகும்.

தீவின் கணக்கோ வேறு. சுவரோர மேடை 2 அடி. மேடைக்கும் தீவுக்கும் இடையே, ஒருவர் சமைத்தால் 42 அங்குலம், ஒருவருக்கு மேல் சமைத்தால் 48 அங்குலம் வழி வேண்டும் என்பது அமெரிக்கத் தேசியக் கிச்சன் அண்ட் பாத் சங்கம் வகுத்த அளவு. தீவு, மெலிந்ததாகவே கொண்டாலும், 2 அடி. அப்பால் மறுபடி 42 அங்குலம். எதிர்ச்சுவரில் இன்னொரு மேடை, 2 அடி. கூட்டினால் 13 அடி. பத்தடி உத்திரத்தின் கீழ் பதின்மூன்றடி ஆசை.

எதிர்ச்சுவர் மேடையை எடுத்துவிட்டால் 11 அடிதானே என்று ஒரு சாரார் வினவுவர். அவர்க்கு விடை: சுவரோரம் சமர்த்தாக இருந்த மேடையைப் பெயர்த்து நடுவில் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி நடப்பதற்குப் பணம் கொடுப்பது உம் விருப்பம். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் எந்தப் பக்கமும் தீவின்மீது 12 அங்குலத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று அந்தச் சங்கமே விதித்திருக்கிறது. தீவை விற்கும் நாடே தீவைக் கண்டு இவ்வளவு அஞ்சுகிறது.

பிறநாட்டுச் சான்று இரண்டு காட்டுதும். 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபுர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அடுக்களையின் அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியிலிருந்த குறுகிய சமையற்கட்டைப் பார்த்துச் செய்தது. நடுவில் ஒன்றும் இல்லை, சுழலும் முக்காலி ஒன்றைத் தவிர. விளக்குகூட மேற்கூரையில் ஒரு தண்டில் மாட்டியது. வேலை எங்கே நடக்கிறதோ அங்கே இழுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அந்த அடுக்களை அமைந்தது. குறுகலே அதன் வசதி. திரும்பினால் எதிர் மேடை.

அகலம் இல்லாதவர் தத்துவம் பேசுகிறார் என்பீராயின், அகலம் இருந்தவரைப் பாரும். அமெரிக்கச் சமையல் ஆசிரியை ஜூலியா சைல்டின் கேம்பிரிட்ஜ் வீட்டு அடுக்களை 14 அடிக்கு 20 அடி. அவர் ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் கணவர் பால் மேடைகளை 38 அங்குலத்துக்கு உயர்த்தினார். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு வாணலிக்கும் கோட்டுருவம் வரைந்து மாட்ட இடம் குறித்தார். தீவு வைக்க இடமும் பணமும் இருந்தன. நடுவில் நின்றது ஒரு மேசை. 2001-இல் அந்த அடுக்களை அப்படியே வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் பெயர்ந்தபோது மேசையும் சேர்ந்தே போயிற்று. தீவாக இருந்தால் உடைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும்.

நடுவியல்

இனி அடுக்களையின் நடுவை ஆராய்வோம். அது மூன்று மட்டமுடைத்து: அடிநடு, இடைநடு, மேல்நடு.

அடிநடு என்பது தரை. அரிவாள்மனையை மடக்கு நீக்கி வைத்து, ஒரு காலை அதன் பலகைமேல் அழுத்தி, சுற்றிலும் காய்களைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த இடம் வேலையிடம் ஆயிற்று. கல்யாணத்துக்கு முதல்நாள் பூசணிக்காய் அரிய ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்தால் அதன் பரப்பு ஆறு மடங்காகும். வேலை முடிந்து பெருக்கித் தண்ணீர் விட்டுக் கழுவினால் மறைந்துபோகும். முழங்காலைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். அதை நான் மறுக்கவில்லை. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்தபடி உட்கார்ந்திருந்தவரிடம் இந்தப் பெருமையைப் பேசினால் கையில் இருக்கும் குழவி பறந்து வரலாம்.

மேல்நடு என்பது உறி தொங்கும் இடம். உத்திரத்தில் ஓர் இரும்பு வளையம், அதில் கயிறு, கயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தயிர், வெண்ணெய், நெய்ப் பானைகள். எறும்புக்கு எட்டாது, பூனைக்கு எட்டாது, கண்ணனுக்கு மட்டும் எட்டும். விதைச் சோளத்தைக் கதிரோடு அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டதும் இம்மட்டத்தில்தான். புகை பட்ட விதையை வண்டு தொடாது. அதே புகை கட்டைகளையும் வண்டிலிருந்து காத்தது என்று பழையவர்கள் சொல்வார்கள்.

இடைநடு, இடுப்பளவு உயரம், காலி. இதை நோக்குக. கீழே வேலை, மேலே சேமிப்பு, இடையில் நடமாட்டம். நம் முன்னோர் ஒரே ஒரு மட்டத்தைத்தான் ஒன்றும் வைக்காமல் விட்டார்கள்; தீவு குறிபார்த்து அந்த மட்டத்தில் வந்து அமர்கிறது. பிறகு மேல்நடுவை நிரப்பத் தீவின் தலைக்கு மேல் மூன்று தொங்குவிளக்கு. உறி போய் விளக்கு வந்தது. விளக்கில் தயிர் வைக்க முடியாது.

இப்போது நாம் நின்று சமைக்கிறோம்; அரிவாள்மனை பரணில் இருக்கிறது. ஆகவே வேலையும் இடுப்பளவுக்கு ஏறி, சுவரோர மேடைக்குப் போய்விட்டது. அடிநடு ஓய்ந்தது. ஓய்ந்ததை உடனே கல்லால் அடைக்க வேண்டுமா என்பதே கேள்வி.

நிற்போரியல்

தீவு சமைப்பவருக்காக வந்தது என்பது பலர் கொள்கை. அது பொருந்தாது. தீவு நிற்பவருக்காக வந்தது. அமெரிக்க வீட்டில் அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த சுவர் விழுந்ததும், சமைப்பவர் விருந்தாளிக்கு முதுகு காட்டலாகாது என்றாயிற்று. விருந்தாளி கையில் கோப்பையோடு எங்கேயாவது சாய வேண்டும் என்றும் ஆயிற்று.

நம் வீட்டில் நிற்போர் நால்வகையர். நிலைசாய்வார், கதவு நிலையில் தோளை ஊன்றி வழியை அடைத்தபடி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்பவர். ஃபிரிட்ஜ் சாய்வார், தயிர் எடுக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அங்கே சாய்பவர். மேடையேறுவார், கல்லூரி விடுமுறைக்கு வந்த பிள்ளைகள். மேடைமேல் உட்கார்ந்து காலை ஆட்டுவர், கீழ் டிராயரைத் திறக்க முடியாது. தட்டேந்துவார், வடை எண்ணெயிலிருந்து வெளியே வரும் கணத்தை வாசனையால் அறிபவர். இந்நால்வருக்கும் ஒரு முக்காலி போதும். அதுவும் ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் பேச்சு வளரும்.

செய்வியல்

அடுப்பை எங்கே வைப்பது என்பதில் மூன்று மதங்கள் உள. வாஸ்துக்காரர் மதம்: தென்கிழக்கான அக்னி மூலையில் வை, உத்திரத்துக்கு நேர் கீழே வையாதே. மேஸ்திரி மதம்: எண்ணெய் ஆவி மரத்தில் படிந்தால் பிசுக்கு ஏறும், தூசி ஒட்டும், சுரண்டி எடுக்க ஆள் கிடைக்காது. மாமியார் மதம்: அட்டக்கரி பால் சட்டியில் விழும். காரணத்தில் மூவரும் வேறுபட்டாலும் அடுப்பை உத்திரத்திலிருந்து தள்ளி வைப்பதில் ஒன்றுபடுகின்றனர். அறிஞர்கள் இப்படி ஒத்துப்போவது அரிது, கிடைத்தபோது பயன்படுத்திக்கொள்க. கட்டைகள் ஒன்றரை அடிக்கு ஒன்று வருவதால் அவற்றைத் தவிர்க்க முடியாது. தவிர்க்க வேண்டியது பெரிய உத்திரத்தை. அது ஆழமாக இறங்குவதால் ஆவியைத் தனக்கு அந்தப்புறம் போகவிடாமல் தேக்கும். ஆகவே வென்டிலேட்டர் அடுப்பு இருக்கும் புறத்தில் இருக்க வேண்டும். சிம்னிக் குழாய் நேராக வெளிச்சுவரைத் துளைத்துப் போகட்டும். குழாய்க்காக உத்திரத்தில் பள்ளம் வெட்டுகிறேன் என்பவரைக் காபி கொடுத்து அனுப்பிவிடுக.

மேல் அலமாரியைக் கூரை வரை ஏற்றுவது அடுத்த பிழை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. உத்திரம் உளுப்பது நடுவில் அன்று. சுவருக்குள் புதைந்த முனையில். மாடித் தண்ணீர் சுவரில் இறங்கி, அந்த முனையை நனைத்து, கரையானுக்கு இலை போடும். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சோம்பலின் இலக்கணமாகச் சொல்கிறோம். மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்காரருக்கு அது கடமை. அலமாரி ஏழடியில் நிற்கட்டும். அதற்கு மேல் முனைகள் தெரிய வேண்டும், சுத்தியல் பிடியால் தட்டிப் பார்க்கக் கை எட்ட வேண்டும். கணீரென்றால் நலம், பொத்தென்றால் மேஸ்திரி.

விளக்கு நடுவில் ஒன்றே போட்டால், சுவர் பார்த்து நிற்பவரின் நிழல் அவர் வெட்டும் வெண்டைக்காய்மேல் விழும். மேல் அலமாரியின் அடியில் பட்டை விளக்கு போடுக. கட்டைகளின் இடைவெளியில் மங்கலாக இன்னொன்று. ஒயரை மரத்தின்மேல் குழாயில் தெரியவே ஓட்டலாம். மரத்தைக் குடைந்து மறைத்தல் குற்றம். பூச்சு வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெய். கறுப்புப் பெயின்ட் வேண்டா. கரையான் ஏறிய மண்தடம் தெரியாது.

புறனடை

பிற்காலத்தில் மரத்துக்குப் பதிலாகப் பழைய ரயில் தண்டவாளத்தை உத்திரமாக இட்ட வீடுகளும் உண்டு. அங்கே அறை அகன்று, 13 அடி கிடைப்பதும் உண்டு. அத்தகையோர் தீவு வைத்துக்கொள்வதை இந்நூல் தடுக்கவில்லை. ஆனால் ஓராண்டு தோணியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பணிக்கிறது. பூட்டுள்ள நான்கு சக்கரம், மூன்றடிக்கு இரண்டடி மரப்பலகை, கீழே வெங்காயக் கூடைக்கு ஒரு தட்டு. சப்பாத்தி இடும் நாளில் நடுவுக்கு வரும். தீபாவளிப் பலகாரத்தின்போது அடுப்பருகே போகும். கூட்டம் வந்தால் பின்கட்டுக்குத் தள்ளப்படும். ஆண்டு முடிவில் அது எந்த இடத்திலும் நிலையாக நின்றதில்லை என்று தெரிந்தால், கிரானைட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திரும்பக் கேட்க.