இரும்புக் கட்டிலைப் பாரு, மருமவனே!

வாடே மருமவனே, உக்காரு. தேக்குக் கட்டில் வந்தாத்தான் தாலி கட்டுவேன்னு உங்கம்மாகிட்ட ஒத்தக் கால்ல நிக்கியாமே? நில்லு, நில்லு. அந்தக் கடைக்காரன் சொன்ன விலைக்குத் தேக்கு இலை வேணா வரும். வேம்புக்கோ மாமரத்துக்கோ பாலீஷப் பூசி, உன் மூஞ்சியப் பாத்ததும் தேக்குன்னுருப்பான்.

உன் சோம்பேறித்தனத்துக்கு இரும்புக் கட்டில்தாம்டே தோது. கரையான் தின்னாது, மழைக்காலத்துல உப்பாது. அப்புறம் மூட்டைப்பூச்சி. உங்க தாத்தா படுத்த மரக்கட்டில, வாரம் தவறாம முத்தத்துக்குத் தூக்கிட்டு வந்து, சட்டமும் காலும் சேருற இடுக்குல கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்துவோம். தரையில ஓங்கித் தட்டுனா கொட்டும் பாரு, மொளகா வித்து மாதிரி. மறுநாள் ராத்திரி திரும்பக் கடி. இரும்புக்கு மூட்டப்பூச்சியே வராதுன்னு எவனாவது சொன்னா அதையும் நம்பாத. போல்ட் ஓட்டையில இருக்கும், மெத்தத் தையல்ல இருக்கும். ஆனா ஒளிய இடம் கம்மி. வெந்நிய ஊத்தி ஈரம் போகத் தொடச்சா வேலை முடிஞ்சுது. நீ எங்க தொடைக்கப் போற, அந்தப் பிள்ளதான் தொடைக்கும்.

பெரியாஸ்பத்திரி வார்டுல பாத்திருப்பியே. எத்தன பேர் படுத்தாலும் கட்டில் அப்படியே நிக்கும். படுத்தவுகளப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

உனக்கு வேல தூத்துக்குடியில. வாடக வீடு, ஒடுங்குன மாடிப்படி. தலமாடு, கால்மாடு, ரெண்டு பக்கச் சட்டம்னு ஸ்பானரால கழட்டிக் குட்டியானையில போட்டா ஒரே நடை. ஆனா அங்க உப்புக்காத்து இருக்குல்லா, வெல்டிங் வச்ச இடத்துலதான் மொதல்ல துரு ஏறும். பட்டறையில செய்யச் சொன்னா ரெட் ஆக்சைடு அடிச்சதுக்கு அப்புறம்தான் பெயிண்டுன்னு கறாரா சொல்லிரு. கடையில வாங்குனா பவுடர் கோட்டிங் பாத்து வாங்கு. காலுக்கு ரப்பர் புஷ் கண்டிப்பா வேணும், இல்லன்னா வீடு தொடைக்கிற தண்ணி அடியில நின்னு அரிச்சிரும்.

இன்னொண்ணு, போல்ட் தளந்தா கிரீச்சுங்கும். பக்கத்து ரூம்புல உங்கம்மா படுத்திருப்பா, அவளுக்குக் காது ரொம்பக் கூர்மை. அதனால வாஷர் போட்டு முறுக்கி வை. மேக்கொண்டு நான் பேச மாட்டேன், வயசானவன்.

கனத்துலதான் ஏமாத்துவானுவ. குழா முனையில பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதக் கழட்டித் தகட்டப் பாரு. 16 கேஜ்னா ஒன்றர மில்லிக்கு மேல இருக்கும். 20 கேஜ்னா ஒரு மில்லி கூட வராது. எண்ணு ஏற ஏறத் தகடு மெலியும்டே. 20 பெருசா 16 பெருசான்னு யோசிச்சு, 20ஐ வாங்கிட்டு வந்து நிக்காத. நீ கணக்குல வாங்குன மார்க்கு எனக்குத் தெரியும். அகலக் கட்டில்னா நடுவுல ஒரு கால் இருக்கான்னு குனிஞ்சு பாரு, இல்லன்னா ரெண்டு பேர் பாரத்துக்கு நடுச்சட்டம் தொங்கிரும்.

மூடியக் கழட்டக் கூடாதுன்னு கடைக்காரன் சொன்னா, அட்வான்ஸ் குடுக்காம எந்திரிச்சு வந்துரு.