கைமாறிய வெள்ளி

அந்த நாளில் வெள்ளிக் காசு சேர்க்க எங்களுக்கு இருந்தது ஒரே விதி: கிடைத்ததை எடுத்துக்கொள். 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாயை வியாபாரி கல் தரையில் போட்டுக் காட்டுவார். கணீரென்ற அந்த ஓசைதான் சான்றிதழ், அதைக் கேட்டபின் ஆண்டு எது, அச்சு எது என்று யார் பார்த்தார்கள்? மலேயாவிலிருந்து திரும்பியவர் வீட்டுப் பெட்டியில் ஒரு ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் இருக்கும், அதைத் தொட்டுப் பார்க்கவே சாயங்காலங்களில் போவோம். உங்கள் தெருவிலும் அப்படியொரு பெட்டி இருந்திருக்கும்.

இன்று கைப்பேசியைத் தள்ளத் தள்ள மெக்சிகோவின் லிபர்டாட், அமெரிக்காவின் ஈகிள், கனடாவின் மேப்பிள் லீஃப் என்று ஓர் அவுன்ஸ் வெள்ளிகள் பளபளவென்று வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாம் கிடைக்கும் என்றான பிறகுதான் எதை விடுவது என்று யோசிக்க வேண்டிவந்தது. மனிதர்கள் செலவழித்த காசு மட்டும் போதும், நாட்டுக்கு ஒன்று, அதுவும் அங்கே அன்றாடப் புழக்கத்தில் வெள்ளி விடைபெற்ற காலத்துக் காசு என்று வகுத்துக்கொண்டேன். அமெரிக்காவுக்கு 1964-இன் கால் டாலர், ஆஸ்திரேலியாவுக்கு 1966-இன் வட்டமான ஐம்பது சென்ட், சுவிட்சர்லாந்துக்கு 1967-இன் ஒரு பிராங்க். நமக்கு, பாதி வெள்ளியாகிவிட்ட 1945-இன் ரூபாய். வெள்ளியின் விலை ஏற ஏற நாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட கதை அந்த வரிசையிலேயே இருக்கிறது. அவற்றின் தேய்மானம் எனக்குக் குறையே அல்ல. எத்தனை விரல்கள் பட்டால் ஒரு மன்னரின் மூக்கு மழுங்கும்!

என் விதிக்கு அடங்காதது மரியா தெரசா தாலர்தான். அரசி இறந்த 1780-ஐயே தாங்கியபடி பிறகும் வியன்னாவில், ரோமில், லண்டனில், நம் பம்பாயிலும்கூட அச்சானது; எத்தியோப்பியாவின் சந்தைகளில் காபிக்கும் உப்புக்கும் கைமாறியது. ஆகவே அதை ஆஸ்திரியாவுக்கு அல்ல, எத்தியோப்பியாவுக்கு உரியதாகவே வைத்திருக்கிறேன். காசு செலவான ஊர்தான் அதன் ஊர்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பாட்டி முடிந்துவைத்த ரூபாய் ஒன்று கறுத்துப்போய்க் கிடக்கலாம். அதைத் திருநீறு போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்; தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் விரும்புவதில்லை.